படியும் பேரும்

இலங்கை மலையகத்தில் பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்கு ஏறும் பாதையில் காலை வேளைகளில் இரண்டு வகையான பயணம் நடக்கிறது. மேலே போகிறவர் அரசாங்க உத்தியோகத்தர். வாக்காளர் இடாப்பைச் சரிபார்க்கவோ, பாடசாலையைப் பார்வையிடவோ, மண்சரிவு அபாயமுள்ள தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளைக் குறிக்கவோ போகிறார். கீழே இறங்குகிறவர் தோட்டத்து ஆள். பிறப்புச் சான்றிதழில் பிழையாக விழுந்த பெயரைத் திருத்த, அடையாள அட்டைக்கு, சேமலாப நிதிக் காசுக்கு, கிளினிக்குக்கு என்று இறங்குகிறார். ஒரே வளைவுகள், ஒரே மழை, சில நாள் ஒரே பஸ். மாலையில் இருவரும் திரும்பிய பிறகு எழுதப்படும் கணக்குதான் வேறு. உத்தியோகத்தருக்கு அன்றைய சம்பளம் இருக்கிறது, அதற்கு மேல் படி இருக்கிறது. தோட்டத்து ஆளுக்கு அன்று பேர் இல்லை.

படி, பேர் என்ற இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. அரச அலுவலகம் ஒன்றின் கணக்குக் கிளையில் பல வருடம் பயணச் செலவு வவுச்சர்களைச் சரிபார்த்தவன் நான். வீட்டுக்குப் போனால் தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாவின் சம்பளச் சீட்டைக் கூட்டிப் பார்ப்பதும் என் வேலைதான். பகலில் ஒரு தாள், சம்பள நாள் ராத்திரியில் இன்னொரு தாள். இரண்டிலும் நாள்கள் வரிசையாக நிற்கும், எதிரே ஒரு தொகை நிற்கும். அந்தத் தொகை எப்படி வந்தது என்பதில்தான் இரண்டு உலகம்.

முதலில் படி. தானியம் அளக்கும் பாத்திரத்தின் பெயர் அது. கூலியை நெல்லாக அளந்த காலத்திலிருந்து வந்த வழக்கில் கடவுளையும் முதலாளியையும் ஒரே வாயால் 'படியளக்கிறவர்' என்கிறோம். பயணப்படி, அகவிலைப்படி எல்லாம் அந்தப் பாத்திரத்தின் பேரப்பிள்ளைகள். இதற்கு இன்னொரு சொல்லும் உண்டு. தமிழ்நாட்டு லொறி டிரைவர் அதைப் பேட்டா என்பார். நம் நாட்டு வழக்கறிஞர்கள் நீதிமன்றச் சாட்சிக்குக் கொடுக்கும் படியைப் பட்டா என்பார்கள். (காணிப் பத்திரத்துக்கும் தமிழ்நாட்டில் பட்டா என்றுதான் பெயர். லயத்தில் இருப்பவருக்கு அந்தப் பட்டா இல்லை, இந்தப் பட்டா சாட்சி சொல்லப் போனால்தான்.)

படி என்ற பொருளில் வரும் பட்டா சாதாரணப்பட்ட விஷயமல்ல. கிழக்கிந்தியக் கம்பனியின் வெள்ளைக்கார அதிகாரிகள் பாளையத்தை விட்டு வெளியே போனால் சம்பளத்துக்கு மேல் வாங்கியது அதுதான். வங்காளத்தில் இரட்டைப் பட்டா வாங்கிப் பழகியிருந்தார்கள். 1766இல் ஆளுநர் கிளைவ் அதை நிறுத்தியபோது முங்கேரிலும் மற்றப் பாளையங்களிலும் அதிகாரிகள் கூட்டாக ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். 1828இல் சில பாளையங்களுக்கு அரைப் பட்டாதான் என்று ஆனபோது, கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அந்த அதிகாரிகளிடம் வாங்காத ஏச்சு இல்லை. பயணத்துக்குக் கிடைப்பது தயவில் வருவது கிடையாது, அது எங்கள் உரிமை என்ற எண்ணம் அவ்வளவு பழையது. அதில் தவறும் இல்லை. வேலை கொடுத்தவர் அனுப்பிய இடத்தில் வேலை செய்தவர் தன் கைக்காசில் சாப்பிட வேண்டியதில்லை என்பது நியாயமான வழக்கம். அந்த வழக்கம் யாரை அனுப்பப்பட்டவராக எண்ணுகிறது, யாரை எண்ணுவதில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இலங்கையில் அரச ஊழியரின் பயணச் செலவைத் தாபன விதிக்கோவையின் 14ஆம் அத்தியாயம் ஆள்கிறது. பிரயாணம் முன்கூட்டியே அனுமதிக்கப்பட்டதா, எத்தனை மணிக்குப் புறப்பட்டார், எத்தனை மணிக்குத் திரும்பினார், வெளியில் இரவு தங்கினாரா, எந்தச் சம்பளத் தரத்தில் இருக்கிறார் என்பவைதான் என் மேசைக்கு வந்த கேள்விகள். தொகைகளைச் சுற்றுநிருபங்கள் அவ்வப்போது மாற்றும். கேள்விகள் மாறுவதில்லை. இந்தியாவில் மத்திய அரசு 2017 ஜூலையிலிருந்து நடைமுறைப்படுத்திய ஏற்பாடும் இதே அச்சுத்தான். தலைமையகத்தை விட்டு 6 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தால் படியில் 30 சதவீதம், 6 முதல் 12 மணி நேரம் வரை 70 சதவீதம், 12 மணி நேரத்தைத் தாண்டினால் முழுவதும். அப்போது குறித்த தொகை, 14ஆம் நிலையிலும் அதற்கு மேலும் இருப்பவருக்கு நாள் ஒன்றுக்குச் சாப்பாட்டுக்கு 1,200 ரூபாய், தங்குவதற்கு 7,500 ரூபாய் வரை. 5ஆம் நிலையிலும் அதற்குக் கீழும் இருப்பவருக்குச் சாப்பாட்டுக்கு 500, தங்க 450. உயர்ந்த பதவிக்கு ஏறக்குறைய இரண்டரை மடங்கு பசி எடுக்கும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். தங்கும் தொகையில் அது பதினாறு மடங்குக்கும் மேலே போய்விடுகிறது.

இந்த ஏணியால் இழப்பவர் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதிகம் பயணம் செய்கிறவர்கள் ஏணியின் அடியில் இருப்பவர்கள்தான். பூனாகலைப் பக்கம் லயம் லயமாக நடந்து கர்ப்பிணிகளைப் பார்க்கும் குடும்பநல மாது, கிராம உத்தியோகத்தர், சமுர்த்தி உத்தியோகத்தர். இவர்கள் கொண்டுவரும் தாள்களைப் பார்க்கும்போது, உண்மையில் செலவானதைவிடக் குறைவாகத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று எனக்கே தெரியும். விதி அதற்கு மேல் இடம் கொடுக்காது. பெரியவர்கள் வாகனத்தில் வந்து, கூட்டம் முடித்து, சுற்றுலா விடுதியில் சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார்கள். ஆகவே படி வாங்குகிற எல்லோரும் கொழுத்தவர்கள் என்று எடுத்துக்கொண்டால் இந்த ஒப்பீடே கெட்டுவிடும்.

இனிப் பேர். மலையகத்துக்கு வெளியே இருப்பவருக்கு இதை விளக்க வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்து அது செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பதிவானால் 'ஒரு பேர் விழுந்தது' என்பார்கள். மாதத்தில் எத்தனை பேர் என்பதுதான் சம்பளம். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் காலையில் நிற்பதோடு பேர் விழுந்துவிடாது. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குத் தோட்டம் ஒரு கிலோ அளவு குறித்திருக்கும். அந்த அளவு எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், கணக்கப்பிள்ளையின் மனதைப் பொறுத்து அதற்கும் சண்டை. கூடினால் மேலதிகக் கிலோவுக்குத் தனிக் காசு.

இங்கேதான் இரண்டு தாள்களும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. படி நேரத்தை அளக்கிறது, பேர் எடையை அளக்கிறது. பூனாகலைக்கு வந்த உத்தியோகத்தர் மழையில் மாட்டி, பார்க்க வேண்டியவரைப் பார்க்காமல், நாள் முழுதும் தோட்டத்து ஆபிஸ் வாசலில் குந்தியிருந்தாலும் அவருடைய மணிக்கணக்கு ஓடும். அதே மழையில் மலையில் நின்றவரின் கூடையில் கொழுந்து இல்லையென்றால், காலை ஏழரை முதல் நின்றதற்கு மதிப்பு பாதி. வறட்சிக் காலத்திலும் இதே கதைதான். கொழுந்து வளராததற்கு யார் பொறுப்பு என்று செக்ரோல் கேட்பதில்லை.

நம்பிக்கையிலும் வித்தியாசம் இருக்கிறது. வர்த்தகத்துக்காகப் பயணம் செய்கிறவர்களுக்குக் கம்பனிகள் படி கொடுப்பதில் இரண்டு வழி உண்டு. பில்லைக் கொடுத்துச் செலவானதை வாங்குவது ஒன்று, நாளுக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்கிக்கொள்வது மற்றது. அரசாங்கங்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியை விரும்புவதற்குக் காரணம் இரக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு பிளேன்டிக்கும் பில் தேடிச் சரிபார்க்க என்னைப் போன்றவனுக்குக் கொடுக்கும் சம்பளம் அந்தப் பிளேன்டியின் விலையைத் தாண்டிவிடும். பூனாகலைச் சந்தியில் ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்றவருக்குப் பில் அடித்துக் கொடுக்கும் கடைக்காரரை நான் பார்த்ததில்லை. ஆகவே உத்தியோகத்தர் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், நம்புகிறோம். கொழுந்து நிறுக்குமிடத்தில் அந்த நம்பிக்கை இல்லை. அங்கே தராசு இருக்கிறது, தராசுக்கு மேலே சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்ற கழிவும் இருக்கிறது. அந்தக் கழிவு நியாயமா என்பது மலையகத்தின் தீராத வழக்குகளில் ஒன்று.

பயணம் என்ற விஷயத்தையே எடுத்துக்கொண்டால், நம் ஆட்களின் கணக்கு கழித்தலில்தான் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து ஆள் கட்டிய கங்காணி வழிச்செலவுக்கும் சாப்பாட்டுக்கும் போட்ட பணம், வந்து சேர்ந்தவருடைய தலையில் கடனாக ஏறியது. 1901 முதல் தகர வில்லை முறை வந்தது. தோட்டத்தின் எழுத்தும் எண்ணும் பொறித்த ஒரு தகரத் துண்டு. அதைக் காட்டினால் வழியில் சோறு கிடைக்கும், கப்பலும் ரயிலும் ஏறலாம். கையில் காசு வேண்டாம். பார்க்கப்போனால் இன்றைய அரச ஊழியரின் இலவச ரயில் ஆணைச்சீட்டுப் போலத்தான் இருக்கிறது. ஆனால் செலவு தோட்டத்தின் பற்றில் எழுதப்பட்டு, தோட்டத்திலிருந்து கங்காணிக்கும் கங்காணியிடமிருந்து ஆளுக்கும் இறங்கிக்கொண்டே வந்தது. ரயில் அப்போது பண்டாரவளை வரைதான். பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது 1924இல். பண்டாரவளையிலிருந்து ஊவா மலைகளுக்குக் கால்நடை. அந்த நடைக்கு யாரும் மைல் கணக்குப் போடவில்லை.

அந்தக் காலத்தில் படி வாங்கிய ஒருவர் தோட்டத்திலேயே இருந்தார் என்பது வேடிக்கை. பெரிய கங்காணிக்குத் தன் கீழுள்ள ஆள் ஒருவர் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் இத்தனை சதம் என்று தலைக்காசு உண்டு. ஆள் வராவிட்டால் அவருக்கும் நட்டம். எனவே காய்ச்சலோ பிள்ளைப்பேறோ, லயத்து வாசலில் வந்து கூப்பிடுவார். வேலைக்கு வந்தவருடைய உழைப்புக்குப் பேர், வரவழைத்தவருக்குப் படி. கடனோடு ஆளைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பிறகு வழிச்செலவைத் தொழிலாளி தலையில் ஏற்றாமல், தோட்டங்கள் பொது நிதியாகச் சேர்த்துக் கட்ட வேண்டி வந்தது. வேலைக்காக ஒருவர் செய்த பயணத்தின் செலவு வேலை கொடுத்தவருடையது என்ற கொள்கை, உத்தியோகத்தருக்கு ஒப்புக்கொள்ளப்பட்டு நூறு வருடம் தாண்டிய பிறகுதான் நம் பாட்டன்மாருக்கு வந்து சேர்ந்தது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இன்றைக்கு ஐக்கிய நாடுகள் சபை தன் ஊழியர்களுக்குக் கொடுக்கும் நாட்படி ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்க அரசாங்கமும் தன் ஊழியருக்கு நகரத்துக்கு நகரம் வேறு தொகை வைத்திருக்கிறது. விலைவாசி இடத்துக்கு இடம் வேறு என்பது நியாயம். இதே நியாயத்தைத் தோட்டச் சம்பளமும் ஒரு காலத்தில் ஏற்றுக்கொண்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்சம்பளம் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், இடைநாட்டில் 52, தாழ்நாட்டில் 50. குளிருக்கும் தூரத்துக்கும் நாலு சதம். பெண்ணுக்கு மலைநாட்டில் 43, பிள்ளைக்கு 32. உயரத்தைக் கணக்கில் எடுத்த அந்தச் சட்டம், ஒரே உயரத்தில் ஒரே குளிரில் நின்ற பெண்ணுக்குப் பதினோரு சதம் குறைத்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் வர 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வருகைக்குக் கொடுக்கும் காசைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. படிக்கு மிக நெருக்கமாகத் தோட்டச் சம்பளச் சீட்டில் வந்த வரி அதுதான். 2016 ஒக்டோபரில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு நாளுக்கு 730 ரூபாய் என்றார்கள். அடிப்படைச் சம்பளம் 500, உற்பத்தி ஊக்குவிப்பு 140, தேயிலை விலைக்கான பங்கு 30, வருகை ஊக்குவிப்பு 60. தோட்டம் வேலை கொடுத்த நாள்களில் நூற்றுக்கு 75 வந்தால்தான் அந்த 60 கிடைக்கும்.

மாதத்தில் 24 நாள் வேலை கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 18 நாள் வந்தவருக்கு 18 முறை 730, அதாவது 13,140 ரூபாய். 17 நாள் வந்தவருக்கு 60 விழுந்துவிடும். 17 முறை 670, 11,390 ரூபாய். ஒரே ஒரு நாள் வித்தியாசத்துக்கு 1,750 ரூபாய் வெட்டு. அந்த ஒரு நாள் எங்கே போனது? பதுளையில் கிளினிக்காக இருக்கலாம். தோட்டத்துக்கு வெளியே ஒரு கவுன்டரின் முன்னால் நின்ற நாளாக இருக்கலாம். 730 ரூபாய் சம்பளக்காரர் ஒருவர் பஸ்ஸில் இறங்கி ஒரு கையெழுத்து வாங்கி ஏறுவதற்கு 1,750 ரூபாயும் பஸ் காசும் கொடுத்திருக்கிறார். உத்தியோகத்தரின் வவுச்சரில் பயண நாள் கூட்டலாக வரும். இந்தச் சீட்டில் அது கடந்துபோன பதினேழு நாளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

2019 ஒப்பந்தம் அந்த 60ஐயும் 140ஐயும் எடுத்துவிட்டு அடிப்படையை 700 ஆக்கியது. 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக 1,000, 2024இல் 1,350. 2025 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் 2026 ஜனவரி முதல் 1,550 என்று சொல்லி, அதற்கு மேல் அரசாங்கமே நாளுக்கு 200 ரூபாய் வருகை ஊக்குவிப்பு தரும் என்றது. கூட்டினால் அதே 1,750. அன்று ஒரு நாள் வராததால் பறிபோன தொகை, இன்று ஒரு நாள் வந்தால் கிடைக்கும் தொகை. எண்கள் இப்படித் தற்செயலாகக் கண் சிமிட்டும்போது கணக்குக் கிளைக்காரன் கொஞ்ச நேரம் தாளைக் கீழே வைத்துவிடுவான்.

நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு வருகைப்படி உண்டு. சபை கூடும் நாளில் வந்தால் 2,500 ரூபாய். சபை கூடாத நாளில் குழுக் கூட்டத்துக்கு வந்தாலும் 2,500. தேயிலைக்காரரின் 200ஐ 'ஊக்குவிப்பு' என்கிறோம், உறுப்பினரின் 2,500ஐ 'கொடுப்பனவு' என்கிறோம். ஒருவரை உந்தித் தள்ளித்தான் வேலைக்கு வரவைக்க வேண்டும், மற்றவர் வந்தாலே பெரிய விஷயம் என்ற தொனி அந்தச் சொற்களிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பூனாகலைப் பாதைக்கே திரும்புவோம். 2023 மார்ச் 19ஆம் திகதி பூனாகலை கபரகலையில் மண் சரிந்தது. லயங்கள் போய், குடும்பங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் தங்கவைக்கப்பட்டன. அதற்கு ஏறக்குறைய எட்டரை வருடத்துக்கு முன், 2014 ஒக்டோபர் 29இல், கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தை புதைந்ததைப் பார்த்த சனம் இது. இப்படி ஒன்று நடந்தால் மேலே வருகிறவர்களின் எண்ணிக்கை கூடும். அளக்கிறவர், படம் எடுக்கிறவர், பட்டியல் எழுதுகிறவர், பட்டியலைச் சரிபார்க்கிறவர். எல்லோரும் தேவைப்பட்டவர்கள், எல்லோருக்கும் படி உண்டு, இருக்கவும் வேண்டும். கூடவே கீழே இறங்குகிறவர்களின் எண்ணிக்கையும் கூடும். மண்ணுக்குள் போன அடையாள அட்டைக்கும் வங்கிப் புத்தகத்துக்கும் பிள்ளையின் சான்றிதழுக்கும் இறங்க வேண்டும். 'ஒரு பத்திரம் குறைகிறது, நாளைக்கு வாங்க' என்று ஒரு வாய்ச்சொல் போதும், இன்னொரு பேர் போய்விடும்.

அரசாங்கம் கூப்பிட்டு வந்தவருக்கு வழிச்செலவு கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. குற்றவியல் வழக்கில் சாட்சி சொல்ல வருகிறவருக்குப் படி கொடுக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. யாரோ ஒருவர் வீட்டுக் கோழியைத் திருடிய வழக்கில் சாட்சியாகப் பதுளைக்கு இறங்கினால் தோட்டத்து ஆளுக்கும் அது பொருந்தும். தன் சொந்தப் பிறப்பைப் பற்றி அலுவலகத்தில் சாட்சி சொல்ல நாலு தடவை இறங்கினால் பொருந்தாது. அலுவலகத்தின் எழுத்தரே தப்பாக எழுதிய பெயரைத் திருத்த வந்தாலும் பொருந்தாது.

இதற்கு மருந்தாக நடமாடும் சேவை நடத்துகிறார்கள். அலுவலகமே ஒரு நாள் மேலே ஏறி வரும். இதைத் தோட்டத்துக்குச் செய்யும் உபகாரமாகப் பேசுவதுதான் எனக்குப் பிடிக்காது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் அது உபகாரம் கிடையாது, சிக்கனம். நூறு பேர் கீழே இறங்கினால் நாளுக்கு 1,750 வீதம் 1,75,000 ரூபாய்ப் பேர் போகிறது. பஸ் காசும் வழிச் சாப்பாடும் வேறு. ஐந்து உத்தியோகத்தர் ஒரு வேனில் மேலே வந்தால் அவர்களுடைய படியும் டீசலும் சேர்ந்தாலும் அதன் பக்கத்தில் வராது. சிக்கல் என்னவென்றால் அந்த ஐந்து பேரின் படி அரசாங்கப் புத்தகத்தில் செலவாக ஏறும், கணக்காய்வாளர் கேள்வி கேட்பார். நூறு பேரின் பேர் எந்தப் புத்தகத்திலும் ஏறாது. என் மேசைக்கு வராத வவுச்சரை நான் எப்படிச் சரிபார்ப்பது?

ஒரு தடவை அந்தப் பாதையில் நானே படிக்காரனாகப் போனேன். தோட்டப் பாடசாலைகளின் பொருள் இருப்பைக் கணக்கெடுக்க ஒரு குழுவை அனுப்பினார்கள். எங்கள் ஊரான பூனாகலை என் பங்குக்கு வந்தது. மத்தியானம் எங்கே சாப்பிடுவது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நான் வருவது தெரிந்து அம்மா மலையிலிருந்து அரைநாளோடு இறங்கிவந்து, சோறாக்கி, கருவாடு பொரித்து வைத்திருந்தார். அன்று அவருக்கு அரைப்பேர்.

அடுத்த மாதம் வவுச்சர் பாஸாகிக் காசு வந்தது. விஷயத்தைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சோறு இங்கதானே தின்ன? அதுக்கு அவன் எதுக்குக் காசு குடுக்கிறான்?"

"வெளிய போனா சாப்பாட்டுக்குன்னு குடுக்கிறதும்மா. எங்க சாப்பிட்டேன்னு கேக்க மாட்டாங்க."

"அப்ப அந்தக் காச எனக்குத்தானே குடுக்கணும்?"

எடுத்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தார். அவருடைய அரைப்பேருக்குப் போனதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது.